தூளா, மண் வரியா, புழுக்கையா? வீட்டுப் பூச்சியை அடையாளம் பார்த்து விரட்டும் முறை

குமரி மாவட்டத்தின் மேற்கே, குலசேகரம், திருவட்டாறு, அருமனை, களியக்காவிளை என்று கேரள எல்லையை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களுக்குப் பூச்சித் தொல்லை கொஞ்சம் கூடுதல்தான். ஜூனில் ஒரு மழை தொடங்கும், அக்டோபரில் இன்னொன்று. வீட்டைச் சுற்றி ரப்பர், தென்னை, வாழை, மரச்சீனி. சுவர் நன்றாகக் காய்ந்து கிடக்கும் மாதங்கள் குறைவு. ஈரமும் நிழலும் தீனியும் ஒரே இடத்தில் கிடைத்தால் எந்தப் பூச்சிதான் வராது?

அதற்காகக் கடையில் போய் "பூச்சிக்கு ஒரு மருந்து கொடுங்க" என்று கேட்டு, கையில் கிடைத்ததை வீடு முழுக்க அடிப்பதில் பலன் இல்லை. காசு போகும், பிள்ளைகள் மூச்சுக்குள் விஷம் போகும், பூச்சி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பெரும்பாலும் பூச்சி கண்ணில் படுவதற்கு முன்னால் அது விட்ட தடம்தான் படுகிறது. அதனால் பூச்சியின் பெயரில் தொடங்காமல் அடையாளத்தில் தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் தெரிவது எதுவோ, அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

கோடை மழை பெய்த ராத்திரி, விளக்கைச் சுற்றிக் கறுப்பு வண்டுக் கூட்டம்

ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு சென்டிமீட்டர்கூட நீளமில்லாத கறுப்பு வண்டு, ஒன்று இரண்டல்ல, ஆயிரக்கணக்கில் வரும். ஓட்டுக்கு இடையில், உத்திரத்தின் மேல், தொங்கும் சட்டை மடிப்பில், புத்தக அலமாரிக்குப் பின்னால் என்று எங்கும் புகுந்துகொள்ளும். மிதித்தால் ஒரு கெட்ட நெடி. மேலே பட்டு நசுங்கினால் தோல் எரியும், பழுப்பாகக் கறை பிடிக்கும். இதுதான் முப்ளி வண்டு. திருச்சூர் மாவட்டத்தில் முப்ளி என்ற இடத்து ரப்பர் எஸ்டேட்டில் முதலில் கவனிக்கப்பட்டதால் வந்த பெயர். அறிவியல் பெயர் லூப்ரோப்ஸ் டிரிஸ்டிஸ்.

டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிர்க்கிறது. அந்தச் சருகுக்குள்தான் வண்டு முட்டையிட்டு, புழுவாகி, வளர்கிறது. உதிர்ந்த இளந்தளிர் என்றால் அதற்கு இன்னும் விருப்பம். கோடை மழை விழுந்ததும் வளர்ந்த வண்டுகள் கூட்டமாகக் கிளம்பி, விளக்கு வெளிச்சம் பார்த்து வீட்டுக்குள் வருகின்றன. வந்தபின் எதையும் தின்பதில்லை, முட்டையிடுவதும் இல்லை. அடுத்த இலையுதிர்வு வரை மாதக்கணக்கில் அசையாமல் உறங்கிக் கிடக்கும். மச்சில் ஏறி ஒரு ஓட்டைத் தூக்கிப் பாருங்கள். கழுக்கோலின் மேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் மரத்துக்குத் தார் பூசியிருக்கிறார்களோ என்றுதான் தோன்றும். விரலால் தட்டினால் அந்தக் கறுப்பு மெல்ல நெளியும்.

செய்ய வேண்டியது என்ன? ஏப்ரல், மே மாதங்களில் மழை பெய்த மாலை, இருட்டும் முன்பே வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிடுங்கள், அல்லது ஜன்னலை மூடித் திரை போடுங்கள். முற்றத்தில், வீட்டிலிருந்து தள்ளி ஒரே ஒரு விளக்கை எரியவிட்டு, அதன் கீழே அகலமான பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர் வையுங்கள். கூட்டத்தில் பெரும்பங்கு அதில் விழுந்துவிடும். கூட்டம் வருவது சில ராத்திரிகள்தான். அந்த ராத்திரிகளில் கவனமாக இருந்துவிட்டால் மற்ற மாதங்களில் பாதித் தொல்லை இல்லை.

உள்ளே வந்துவிட்டதா? வாரியலால் மெதுவாகக் கூட்டி, சோப்புத் தண்ணீரில் கொட்டி, குழியில் மூடுங்கள். காலால் நசுக்க வேண்டாம். ஓட்டுக்கு மண்ணெண்ணெய் அடிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. காய்ந்த மரமும் அடுப்பும் இருக்கிற வீட்டில் அதைவிட ஆபத்தான வேலை கிடையாது. மச்சில் பூச்சிமருந்து அடித்தால் செத்த வண்டும் மருந்தும் சேர்ந்து சோற்றுப் பானையில்தான் விழும்.

நிரந்தரமாகக் குறைக்க வேண்டுமானால் வேலை தோட்டத்தில்தான் இருக்கிறது. வீட்டை ஒட்டிய பகுதியில் மட்டுமாவது சருகை ஜனவரி, பிப்ரவரியிலேயே வாரிக் குழியில் போட்டு, நனைத்து மண் மூடுங்கள். தீ வைக்காதீர்கள், காய்ந்த ரப்பர்ச் சருகில் பிடித்த தீ நிற்காது. பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து செய்தால்தான் முழுப் பலன் என்பதால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

தூங்கும்போது வண்டு காதுக்குள் போய்விட்டால் குச்சி விடாதீர்கள். ஏற்கெனவே காதில் சீழோ ஓட்டையோ இல்லாதவர் என்றால் சில துளி தேங்காயெண்ணெய் விட்டால் அது அடங்கும். எடுப்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

கட்டில், மேசைக்குக் கீழே தூள்

தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

மாவு போல நைசாக, தேய்த்தால் வழுவழுவென்று இருந்தால் அது மரத்தை உளுக்க வைக்கும் வண்டின் வேலை. மரத்தில் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் வட்ட ஓட்டைகள் தெரியும். நம் பக்கம் இது அதிகம் பிடிப்பது ரப்பர்த் தடியில். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது, வண்டின் புழுவுக்கு அதுதான் சாப்பாடு. மூங்கிலுக்கும் இதே கதை. தேக்கு, அயனி, பலாவின் காதலில், அதாவது உள் வைரத்தில், இது ஏறுவதில்லை. அதே மரங்களின் வெளிப்புற வெள்ளைப் பகுதியில் ஏறும்.

தூள் மணல் போலக் குறுகுறுவென்று, கசகசா அளவில் தனித்தனி மணியாக உருண்டால் அது காய்ந்த மரத்துக் கறையானின் எச்சம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரியும். இந்த வகை மண்ணோடு தொடர்பில்லாமல் மரத்துக்குள்ளேயே வாழ்வதால் மண் வரி கட்டாது. மரத்தைத் தட்டினால் பொத்தென்று கேட்கும்.

இரண்டிலும் அடுத்த கேள்வி, பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது. பழைய தூளை முழுக்கத் துடைத்துவிட்டு, கீழே ஒரு கறுப்புத் தாளை விரியுங்கள். ஒரு வாரத்தில் புதுத் தூள் விழவில்லையென்றால் பழைய பாதிப்பு, ஓட்டையை மெழுகோ மர மக்கோ வைத்து அடைத்தால் போதும். விழுந்தால், மர மருந்தைச் சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் செலுத்தி, காயவிட்டு, பிறகு அடைக்க வேண்டும். சாமானைத் திறந்தவெளியில் வைத்து, கையுறை போட்டு இதைச் செய்யுங்கள். உள்ளே எல்லாம் போய்விட்ட கட்டிலைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். வெளியே எடுத்துவிடுவதே மற்ற சாமான்களுக்கு நல்லது.

புதிதாக ரப்பர்த் தடியில் சாமான் வாங்குகிறவர்கள், போராக்ஸும் போரிக் அமிலமும் ஏற்றிப் பதப்படுத்திய மரமா என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். எங்கள் பக்கத்து வயதான ஆசாரி ஒருவர் இப்படிச் சாமானைக் கவிழ்த்துக் காட்டிச் சொல்வார்: "மேல பளபளன்னு இருந்து என்ன மக்களே, அடியில வெறுந்தடியால்லா கெடக்கு." பாலீஷ் போடாத வெறும் மரத்தின் நுண்துளையில்தான் வண்டு முட்டை வைக்கிறது. அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் பூசினால் புது முட்டைக்கு வழி அடைபடும்.

சுவரில் மண் வரி, அல்லது வீட்டுக்குள் ஈசல்

தரையிலிருந்து சுவரில் ஏறும் பென்சில் தடிமன் மண் கோடு என்றால் நிலத்தடிக் கறையான். எங்கள் பக்கம் பலர் சிதல் என்பார்கள். கோட்டின் நடுவில் ஒரு அங்குலத்தை மட்டும் உடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் கூட்டம் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது.

முழுக் கோட்டையும் கூட்டித் தள்ளி மேலே ஸ்பிரே அடிப்பது எல்லாரும் செய்வது. அது கறையானை இன்னொரு வழிக்குத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். கதவு நிலைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத பக்கமாக ஏறும். மண்ணுக்குள் மருந்து போக வேண்டும். கட்டி முடித்த வீட்டுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 6313 நெறிமுறையில் தனிப் பகுதியே இருக்கிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் 12 மில்லிமீட்டர் அகலத் துளைகளை 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டு, மருந்துக் கரைசலை இறக்கி, அடைப்பார்கள். இது தெரிந்த ஆள் செய்ய வேண்டிய வேலை. வீட்டோடு ஒட்டிக் கிணறு இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள், மருந்து ஊறித் தண்ணீரில் கலந்துவிடக் கூடாது.

மழை நின்ற மாலையில் ஈசல் வெளியிலிருந்து விளக்குக்கு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சுவர் விரிசலிலிருந்தோ கதவு நிலையிலிருந்தோ கிளம்பி வந்தால் கூடு வீட்டுக்குள்ளோ அடியிலோ இருக்கிறது. இறகு முளைத்த எறும்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், பின்னிறகு சின்னது. ஈசலுக்கு இடுப்பே தெரியாது, நான்கு இறகும் ஒரே நீளம்.

சுவரை ஒட்டி விறகு, தேங்காய் மட்டை, பழைய பலகை அடுக்குவதை நிறுத்துங்கள். ஒழுகும் குழாயைச் சரி செய்யுங்கள்.

அடுக்களையில் மிளகுத்தூள் போன்ற கறுப்புப் புள்ளி

கரப்பான். ஆனால் எந்தக் கரப்பான்? கட்டை விரல் அளவு பெரியது, செம்பழுப்பு, ராத்திரி சாக்கடைப் பக்கமிருந்து வருகிறது என்றால் வழியை அடைப்பதே வைத்தியம். குளியலறை வடிகாலுக்கு வலை, கழிவுநீர்த் தொட்டி மூடிக்கு விளிம்பில் சிமெண்ட், தொட்டிக் காற்றுக் குழாய்க்குக் கொசுவலை.

ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகாத, வெளிர் பழுப்பு நிறத்தில், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு உள்ள சின்னக் கரப்பான் என்றால் அது வெளியிலிருந்து நடந்து வருவது குறைவு. அட்டைப் பெட்டியிலும், பழைய மிக்ஸியிலும், கடைச் சாமான் பையிலும் வருகிறது. ஒரு முட்டைப் பையில் 30, 40 குஞ்சு. பிரிட்ஜின் மோட்டார்ச் சூட்டில் சுகமாக இருக்கும். இதற்கு ஜெல் மருந்துதான் சரி. கடுகளவு புள்ளி புள்ளியாக அலமாரிக் கீல், சிங்க் அடி, பிரிட்ஜ் பின்பக்கம் வையுங்கள். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரேயோ பினாயிலோ போடாதீர்கள், அந்த வாடைக்குக் கரப்பான் ஜெல்லைத் தொடாது. ஜெல் தின்றது போய் மறைவில் சாகும், அதன் எச்சத்தைத் தின்ற குஞ்சுகளும் சாகும். ராத்திரி அடுப்படியில் தண்ணீரும் எச்சில் பாத்திரமும் இல்லாமல் பார்த்துக்கொண்டால்தான் அது ஜெல்லைத் தேடி வரும்.

எறும்பு வரிசை

ஸ்பிரே அடித்தால் வரிசை சாகும், கூடு சாகாது. வீட்டுக்குள் கூடு வைக்கும் சில சிற்றெறும்பு வகைகள் இப்படிக் கலைக்கப்பட்டால் பிரிந்து பல இடங்களில் புதுக் கூடு வைத்துவிடும். 100 மில்லி வெந்நீரில் 1 கிராம் போரிக் பவுடரும் நாலைந்து தேக்கரண்டிச் சர்க்கரையும் கரைத்து, பஞ்சில் நனைத்து, வரிசைக்குப் பக்கத்தில் வையுங்கள். முதல் நாள் கூட்டம் அதிகமாகும், கலைக்க வேண்டாம். கொண்டுபோய் ராணிக்கும் குஞ்சுகளுக்கும் ஊட்டட்டும். போரிக் பவுடரைக் கூட்டினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்குப் போய்ச் சேராது. குழந்தையின் கைக்கு எட்டாத இடமாக வையுங்கள்.

முற்றத்து மாவில் இலையை மடித்துக் கூடு கட்டும் முசுறு வேறு. அது மரத்துப் பூச்சிகளைத் தின்னும். வீட்டைத் தொடும் கிளையை மட்டும் வெட்டிவிட்டு அதை விட்டுவிடுங்கள்.

ராத்திரி மச்சில் ஓட்டம், காலையில் புழுக்கை

அரிசி அளவில், நுனி கூர்மையாக இருந்தால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய வீட்டெலி. தோட்டத்தில் மண்ணைக் குவித்து வளை தோண்டி, மரச்சீனிக் கிழங்கைக் கடித்திருந்தால் பெருச்சாளி. நீண்ட மூக்கும் கீச்சுச் சத்தமுமாகச் சுவரோரம் ஓடுவது மூஞ்சூறு. அது கரப்பானையும் பூச்சியையும் தின்பது, கொல்ல வேண்டாம்.

சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டை போதும். இரும்புக் கம்பித் தேய்ப்பானைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். கூரை ஓட்டைத் தொடும் தென்னையோலையையும் கிளையையும் வெட்டுங்கள். தென்னையில் ஆள் உயரத்துக்கு மேலே வழுக்கும் தகடு சுற்றலாம். பொறி வைக்கும்போது சுட்ட தேங்காயோ கருவாடோ வைத்து, முதல் இரண்டு மூன்று நாள் வில்லைப் பூட்டாமல் விடுங்கள். புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும், பழகினபின் மாட்டும். பொறியைச் சுவரோரம்தான் வைக்க வேண்டும்.

மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்டை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அதற்கு மாற்று மருந்து கிடையாது, ஈரலை அழிக்கும். தமிழ்நாடு அரசு விற்பனையைத் தடை செய்திருக்கிறது. யாராவது எங்கிருந்தாவது வாங்கிவந்து கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புழுக்கையைக் காய்ந்த நிலையில் கூட்டாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலால் நனைத்து, கையுறையோடு துடையுங்கள். எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் புண்ணோடு கால் வைத்தாலே எலிக்காய்ச்சல் வரலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதற்கு எச்சரிக்கை விடுகிறார்கள், நமக்கும் அதே மழைதான். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் உடனே மருத்துவமனை. தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

காலையில் எழுந்தால் உடம்பில் தடிப்பு

வரிசையாக, அரிப்போடு இருந்தால் மெத்தைத் தையலைப் பிரித்துப் பாருங்கள். கரும்புள்ளியும் உரித்த தோலும் இருந்தால் மூட்டைப்பூச்சி. துணிகளைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள். கட்டில் இணைப்புகளில் கொதிநீர் ஊற்றுங்கள். 50 டிகிரிக்கு மேல் அது பிழைக்காது. ஆளில்லாத வீட்டில் பட்டினியாக மாதக்கணக்கில் இருக்கும் என்பதால் அறையை மூடிப்போட்டுவிட்டால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம்.

அரிப்பைவிட எரிச்சல் அதிகம், கோடு இழுத்தது போலச் சிவந்து கொப்பளம், அதுவும் முந்தின நாள் ஒன்றும் தெரியாமல் மறுநாள் வந்தது என்றால் கடி அல்ல. ஆசிட் பூச்சி என்று சொல்லப்படும் சின்ன வண்டை உடம்பில் தேய்த்திருக்கிறீர்கள். எறும்பு மாதிரி நீளமாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறிமாறி இருக்கும், மழைக்காலத்தில் விளக்குக்கு வரும். மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள், அடிக்காதீர்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொட வேண்டாம்.

பகலிலேயே கொசு கடிக்கிறது

காலில் வெள்ளை வரி உள்ள ஏடிஸ் கொசு. டெங்கு, சிக்குன்குனியா பரப்புவது. சாக்கடையில் தேடாதீர்கள், சுத்தமான தேங்கிய தண்ணீரில் தேடுங்கள். பிரிட்ஜ் பின்தட்டு, செடித் தட்டு, பழைய டயர், வெட்டிப் போட்ட இளநீர்க் கூடு. ரப்பர் தோட்டம் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பால் எடுக்கும் சிரட்டையை. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றதும் சிரட்டைகள் நிமிர்ந்தபடியே மரத்தில் கிடந்தால் ஒவ்வொன்றும் கொசு வளரும் தொட்டி. வெட்டு இல்லாத நாளில் கவிழ்த்துவிடுங்கள். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை வீட்டையும் புரையிடத்தையும் (வீட்டை ஒட்டிய தோட்டத்தையும்) சுற்றி வந்தால் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்தும் விடுங்கள். முட்டை ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

அரிசியில் வண்டு, மாவில் நூல்

அரிசியில் மூக்கு நீண்ட சின்ன வண்டு வந்தால் முட்டை மணிக்குள்ளேயே இருக்கிறது. மேலே தெரிகிற வண்டைப் பொறுக்கினால் தீராது. வெயிலில் பரப்பி, ஆறவிட்டு, இறுக மூடிய டப்பாவில் போடுங்கள். சின்ன அளவென்றால் பிரீசரில் நாலு நாள் வையுங்கள். பயற்றில் வட்ட ஓட்டை இருந்தால் பயறு வண்டு. ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் பிசிறி வைத்தால் முட்டை பிடிக்காது. மாவு நூலோடு கட்டிப்பட்டிருந்தால் அந்துப்பூச்சி, அந்த மாவைக் கொட்டிவிடுங்கள்.

தானியக் கிடங்குக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு அரிசியில் போடவே கூடாது. ஈரம் பட்டால் வரும் வாயு மூடிய அறையில் தூங்குகிறவர்களைக் கொல்லும்.

இன்னும் சில

சுவரில் சிமெண்ட் நிறத்தில், இரு முனையும் கூம்பிய சின்னக் கூடு நகர்கிறதா? ஒருவகை அந்தின் புழு. உதிர்ந்த முடியும் ஒட்டடையும் தின்னும். ஒட்டடை அடித்துப் பெருக்கினால் போய்விடும், மருந்து வேண்டாம்.

புத்தக ஓரம் சுரண்டியிருந்தால் இராமபாணப் பூச்சி. அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி, காற்றுப் படவையுங்கள். கைக்குழந்தையின் துணியோடு நாப்தலின் உருண்டை போடாதீர்கள். சில குழந்தைகளுக்கு அது இரத்த அணுக்களை உடைத்துவிடும்.

மழையில் சுவரேறும் உள்ளங்கை அளவு நத்தை ஆப்பிரிக்க நத்தை. வெறும் கையால் தொடாதீர்கள், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு அதில் இருக்கலாம். கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். தோட்டத்துக் கீரையை நன்றாகக் கழுவிச் சமைத்தே சாப்பிடுங்கள்.

ஆளைக் கூப்பிடும்போது

பூச்சி மருந்தடிக்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருவது. உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். மருந்தின் பெயரை எழுதி வாங்கி, எத்தனை மணி நேரம் வீட்டுக்குள் வரக் கூடாது, கிணற்றுக்கும் கோழிக்கும் ஆபத்து உண்டா என்று கேளுங்கள். லேபிள் கிழிந்த பாட்டிலில் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மிச்ச மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

யாராவது தவறுதலாகக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவோ உப்புத் தண்ணீர் கொடுக்கவோ வேண்டாம். 108-ஐ அழையுங்கள், மருந்துப் பாட்டிலையோ அட்டையையோ கூடவே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.